சலுகை யாருடையது?

குடும்பத்தோடு வெளியூர் சென்று இறைவனின் படைப்பழகைக் கண்டு மீளும் வழக்கம் நம்மவரிடையே இன்று பெருகியிருக்கிறது. முன்னாளில் பயணம் என்றால் திருமணம், மௌத்து, வணிகம், ஸியாரத், பாக்கியம் பெற்றோர்க்கு ஹஜ்ஜு என்பதோடு சரி. வெறுமனே காண்பதற்காகப் போதல் என்பது செல்வர் வீட்டுச் சங்கதி. இன்றோ, கள்ளக்குறிச்சியில் சுபுஹு தொழுதுவிட்டு வேன் ஏறினால், கச்சிராயபாளையம் கடந்து கோமுகி அணையோரம் கட்டுச்சோற்றைப் பிரித்து, முற்பகலுக்குள் மலையேறி வெள்ளிமலையை அடைந்து, கரியாலூர் ஏரியில் பிள்ளைகளைப் படகேற்றிவிட்டு, மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடலாம். கையில் இன்னும் கொஞ்சம் தாராளம் உள்ளவர்கள் சென்னைத் துறைமுகத்துக்கே சென்று உல்லாசக் கப்பல் ஏறுகிறார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் நோக்கி ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் புறப்பட்டதும், மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சுற்றுலாவினரை ஏற்றிச் சென்றதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை.

மலையாயினும் கடலாயினும் இத்தகைய உலாக்களில் ஒரு கட்டம் தவறாமல் வருகிறது. வண்டி நிற்கிறது. பிள்ளைகள் குதித்தோடுகின்றனர். இளையோர் செருப்பை மாட்டுகின்றனர். வேனின் நடு இருக்கையில் ஒருவர் மட்டும் எழாமல் அமர்ந்திருக்கிறார். அவர், வீட்டு வழக்குக்கேற்ப நன்னி என்றோ நானிமா என்றோ அழைக்கப்படும் மூதாட்டியாக இருக்கலாம். பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்த பெரியத்தாவாக இருக்கலாம். “நீங்கள் போய்ப் பார்த்து வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்கிறார் அவர். “அவருக்கு ஏன் வீண் சிரமம்?” என்கிறார் வீட்டின் தலைமகன். கதவு சாத்தப்படுகிறது. அக்கதவுக்கு இருபுறமும் உள்ளோர் ஒருவருக்கொருவர் எதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

சிறிய வினா என்று இதனைத் தள்ளிவிடலாகாது. பெற்றோர்க்கு உணவு, உடை, மருந்து என்பனவற்றில் நம் சமுதாயம் பெரும்பாலும் கடமை தவறுவதில்லை. ஆனால் இன்பத்தைப் பங்கிடுவதில் நாம் முதியோரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படாது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். உணவளிக்கக் கடமைப்பட்டவன், அருவியைக் காட்டவும் கடமைப்பட்டவனா? சட்டநூல்களில் இதற்குத் தனிப்பாடம் இல்லை. ஆதலால்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இயலாமை என்பது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முழங்காலில் இருக்கிறது என்பது உடனே வரும் விடை. அது பாதி உண்மையே.

சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி 1875இல் தொடங்கியது. 1861இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் ஒன்றே அதற்கு முன்பிருந்த வசதி. அதற்கும் முன்பு, ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களெல்லாம் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் பயணிகளை இறக்கி, இரைந்து புரளும் அலைகளினூடே கொண்டுவந்து, கடைசியில் படகோட்டிகள் தம் முதுகிலும் தோளிலும் சுமந்து மணலில் விடுவார்கள். வந்திறங்கியவர் கவர்னரே ஆனாலும் இன்னொருவர் தோளேறித்தான் கரை சேர வேண்டும். அந்தக் கடற்கரையில் நடக்க முடிந்தவர் என்று ஒருவரும் இல்லை; எல்லோரும் சுமக்கப்பட்டவர்களே.

நம் மக்கள் நன்கறிந்த நாகப்பட்டினமும் திறந்த கடல்துறைதான். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய ரஜுலாக் கப்பல் நாகைக்கு வந்தால் கடலில்தான் நிற்கும். மலாயா சென்ற நம் பாட்டன்மார் படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏணி வழியே ஏறினார்கள். பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழக்கம் 1995 வரை நீடித்தது. அவ்வாறு சென்றவர்களுள் முந்தைய தலைமுறையினர், ஜித்தாவில் நவீனத் துறைமுகம் அமையுமுன், கப்பலிலிருந்து சிறுபடகேறியே கரையிறங்கினர். இன்றும் லட்சத்தீவுகளில் பெரிய கப்பல்கள் பவளத்திட்டைத் தாண்டி உட்புக இயலாமையால், பல தீவுகளில் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் கப்பலின் பக்கவாயிலிலிருந்து ஏறி இறங்கும் படகுக்குள் கைகொடுத்து இறக்கப்படுகிறார்கள். அங்கே ஒரு மூதாட்டிக்குக் கைகொடுப்பதை எவரும் சேவை என்று பேசுவதாகத் தெரியவில்லை. படகு ஆடுகிறது, கை நீள்கிறது, அவ்வளவுதான்.

கப்பல் கரையைத் தொடுமளவுக்குக் கல்லைக் கொட்டிச் சுவரெழுப்பி, பாலமிட்டுப் படியமைத்த பின்னர், கால் வலுவுள்ளோர் தம் காலாலேயே இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சுவரையும் படியையும் நாம் அவர்களுக்கு வழங்கிய சலுகை என்று சொல்வதில்லை. அந்தப் படியருகே ஒரு சாய்தளம் போட்டால் மட்டும் அது சலுகையாகிவிடுகிறது! வலியோருக்காகக் கோடி கோடியாய்ச் செலவிட்டுச் செய்ததற்கு வசதி என்று பெயர். மெலியோருக்காக நாலு முழம் சிமெண்டு பூசினால் அதற்குக் கருணை என்று பெயர். மொழி செய்யும் இந்த வஞ்சனையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். திருமறையின் ‘நஹ்ல்’ அத்தியாயம் கால்நடைகளின் பயனைப் பேசுமிடத்தில், பெரும் வருத்தமின்றி உங்களால் சென்றடைய இயலாத ஊர்களுக்கு அவை உங்கள் சுமைகளைக் கொண்டு சேர்க்கின்றன என்னும் கருத்தை எல்லா மனிதரையும் முன்னிறுத்திச் சொல்கிறது. தொலைவின் முன்னே எல்லோரும் முடவர்தாம். ஒட்டகமும் கப்பலும் வேனும் எல்லோருக்கும் ஊன்றுகோல்தாம். நன்னிக்கு அந்த ஊன்றுகோல் இன்னும் இருபது அடி கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே வேற்றுமை.

இனி நம் கல்வராயன் மலைக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று பரந்து கிடக்கிறது இம்மலை. மலையாளி எனப்படும் பழங்குடியினர் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் புளியும் தேனும் திரட்டி வாழும் நிலம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஆடம்பரம் இங்கில்லை. அதுவே இதன் அழகு என்பது என் எண்ணம். கடை வைத்திருப்போர் வேறு கருதலாம். இங்குள்ள அருவிகளுள் பெரியார் அருவி சாலையை ஒட்டியது. வண்டியிலிருந்து இறங்கிச் சற்றே நகர்ந்தால் நீர்விழும் ஓசை காதில் விழும். மேகம் அருவியோ கரடுமுரடான பாதையில் நடந்திறங்கிப் பார்க்க வேண்டியது. ஒரே மலை, ஒரே நீர். ஒன்று நன்னிக்குக் கிட்டும், ஒன்று கிட்டாது. பயணம் வகுப்பவர் முதலில் மேகம் அருவியைக் குறித்துக்கொண்டு, நேரம் மிஞ்சினால் பெரியார் அருவி என்று வைக்கிறாரா, அல்லது மாற்றி வைக்கிறாரா என்பதிலேயே அவர் யாரை மனத்தில் வைத்துப் பயணம் வகுத்தார் என்பது தெரிந்துவிடும்.

அந்த மலைமக்களிடம் சுமத்தல் என்பது அன்றாடம் கண்ட செயல். சாலை எட்டாத சிற்றூர்களிலிருந்து நோயாளியையும் பேறுகாலப் பெண்ணையும் துணித்தொட்டிலில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, இருவர் தோளில் வைத்து இறங்கும் காட்சி அண்மை ஆண்டுகள் வரை செய்தியாக வந்துகொண்டிருந்தது. டோலி கட்டுதல் என்பர். இதைக் கண்டு, ஆஹா, என்ன பாசம் என்று வியப்பது அறிவன்று. பாசம் அவர்களிடம் உண்டு. ஆனால் அந்த மூங்கில், சாலை போடாதவர்களின் குற்றத்துக்குச் சாட்சி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இம்மலைமக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டபோது, சாலையும் மருத்துவமும் அங்கே முதன்மைப் பொருளாயின. காண்பதற்காக மலையேறும் நாம், காண மறுப்பதற்கும் அங்கே பொருள் நிறைய இருக்கிறது என்பதைச் சொல்லி மேலே செல்கிறேன்.

“அவருக்கு ஏன் வீண் சிரமம்?” என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். இது அன்பின் சொல்லா, வசதியின் சொல்லா?

மதீனாவின் பனூ ஸலிமாக் கூட்டத்துத் தலைவருள் ஒருவர் அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி). ஒரு கால் மிகவும் ஊனமுற்றவர். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போர் வந்தது. அன்னாருக்கு நான்கு மைந்தர். சிங்கங்கள் போன்றவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தந்தையைப் போக விடாது தடுத்தார்கள் அவர்கள். இறைவனே தங்களுக்கு விலக்களித்திருக்கிறானே என்பது மைந்தர்களின் வாதம். கிழவர் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, என் மக்கள் என்னைத் தடுக்கிறார்கள், நானோ இந்த ஊனக்காலோடு சுவனத்தில் நடக்க ஆசைப்படுகிறேன் என்று முறையிட்டார். அண்ணலார் அவரை நோக்கி, உமக்கு விலக்கு உண்டு, உம்மீது கடமையில்லை என்றார்கள். பிறகு மைந்தர்களை நோக்கி, அவரைத் தடுக்காமல் இருப்பதில் உங்களுக்கு என்ன குறை என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். அவர் சென்றார், ஷஹீதானார்.

இந்நிகழ்ச்சியில் என் உள்ளத்தைக் கவர்வது, ஒரே செய்தியை இரு திசையில் இரு விதமாக அண்ணலார் நவின்றதுதான். ஊனமுற்றவரிடம், உமக்கு விலக்கு உண்டு என்று கூறினார்கள். மக்களிடம், அந்த விலக்கைக் கொண்டு அவரை அடைக்காதீர் என்றார்கள். ஷரீஅத்தில் ருக்ஸத் எனப்படும் சலுகை, இயலாதவரின் உடைமை. அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார், விரும்பாவிடில் விடுவார். அவரைச் சுற்றியிருப்போர் அதை எடுத்துத் தம் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொள்ள உரிமையில்லை. போர்க்களம் எங்கே, அருவிக்கரை எங்கே என்று கேட்பீர்கள். உயிர் போகும் களத்துக்கே தடுக்கும் உரிமை மைந்தர்க்கு இல்லையென்றால், காற்று வாங்கும் களத்துக்கு எப்படி வந்தது என்பதே என் கேள்வி.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஒரு முதியவர் தம் இரு மைந்தருக்கிடையே தொங்கியவாறு தள்ளாடி நடந்து வருவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு, என்ன இது என்று வினவினார்கள். நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்திருக்கிறார் என்றனர். இம்மனிதர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையற்றது என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லப் பணித்தார்கள். அனஸ் (ரலி) வாயிலாக வரும் இந்த ஹதீஸைக் கவனித்துப் படியுங்கள். முதியவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயணத்தை நிறுத்தவில்லை. போகும் வகையை மட்டுமே மாற்றினார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) ஹஜ்ஜின்போது தமக்கு உடல்நலமில்லை என்று கூறியபோதும் அவ்வாறே, மக்களுக்குப் பின்புறமாக வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யுமாறு கூறப்பட்டது. பிற்காலத்தில் ஹரமில் முதியோரை மரக்கட்டிலில் அமர்த்தித் தலைமேல் சுமந்து தவாஃப் செய்வித்ததும், இன்று ஸஃபா மர்வாவுக்கிடையே சக்கர நாற்காலிகளுக்கெனத் தனிவழி இருப்பதும் அந்த அனுமதியின் நீட்சியே.

முதிர்ந்து, வாகனத்தில் நிலையாக அமரவும் இயலாத தந்தைக்காகத் தாம் ஹஜ்ஜு செய்யலாமா என்று கஸ்அம் கோத்திரத்துப் பெண்மணி கேட்டபோது, ஆம் என்று அனுமதி கிடைத்தது. ஹஜ்ஜுக்கு பதல் உண்டு. அருவி பார்ப்பதற்கு பதல் இல்லை! கைப்பேசியில் படம் பிடித்து வந்து நன்னியிடம் காட்டி, பார்த்தாயிற்றா என்று கேட்கும் பேரன்மார் இதை நினைவிற் கொள்வது நலம்.

இதுவரை எளிது. கடினமான பகுதி இனிமேல்தான். முதியவரே “நான் வரவில்லை” என்று சொன்னால்?

நம் வீட்டு முதியோரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள்தான். வாழ்க்கையில் குறைந்தது மூன்று. உண்மையிலேயே வேண்டாம் என்பது ஒன்று. இன்னொரு முறை கேளுங்கள் என்பது ஒன்று. என்னால் உங்கள் மகிழ்ச்சி கெட வேண்டாம் என்பது ஒன்று. மூன்றாவதுதான் மிகுதி. திருமறை ‘நூர்’ அத்தியாயத்தில், குருடர், முடவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று சேர்ந்துண்பதைப் பற்றிய வசனம் ஒன்று வருகிறது. அது இறங்கியதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, அந்நாளில் இயலாதோர் தாமாகவே பந்தியிலிருந்து ஒதுங்கினர் என்பது. குருடர், தம் கை எங்கே படுமோ என்று அஞ்சினார். முடவர், தாம் இருவர் இடத்தை அடைத்துவிடுவோமோ என்று கூசினார். நோயாளி, தம்மால் பிறர் அருவருப்பரோ என்று விலகினார். அவர்களை எவரும் விரட்டவில்லை. தாமே எழுந்து போனார்கள். வேனில் அமர்ந்தபடி “நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லும் குரல் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட குரல்தான்.

ஆகவே, கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் உடுத்திப் புறப்பட்டு நின்றுகொண்டு, “நீங்களும் வருகிறீர்களா?” என்று வாசலில் கேட்பது கேள்வியாகாது, அது விடையை முன்பே சொல்லிவிட்டுப் பெறும் கையெழுத்து. இரண்டு நாள் முன்னரே அருகமர்ந்து, “வேனில் முன் இருக்கை உங்களுக்கு, ஏறுவதற்கு ஸ்டூல் எடுத்துவைத்துவிட்டேன், அணைக்கரையில் நிழலில் நாற்காலி போடுவோம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன்” என்று கூறிவிட்டு அழைப்பதே கேள்வி. அதன் பின்னும் வேண்டாம் என்றால், அந்த வேண்டாமை மதிக்க வேண்டும். அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்று இன்புறுத்துவதும் ஒருவகை அடக்குமுறையே.

கழிப்பறை என்று எழுதியதற்குச் சில வாசகர் முகம் சுளிக்கலாம். இலக்கிய இதழில் இது எதற்கு என்பர். பயணம் என்றதும் நம் மூதாட்டியரில் எத்தனையோ பேர் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள உடம்பு. மாத்திரை விழுங்க மட்டும் ஒரு மிடறு. வழியில் எங்கே ஒதுங்குவது, யார் முன்னால், உட்கார்ந்தால் எழ முடியுமா என்ற அச்சம். இந்த அச்சத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு மலையழகைப் பற்றிக் கவிதை சொல்லி என்ன பயன்? மூதாட்டியின் மானத்தைக் காப்பதற்கான முதல் ஏற்பாடு, கைப்பிடியுள்ள, அமர்ந்து எழக்கூடிய ஒரு கழிப்பறை வழியில் எங்கிருக்கிறது என்று முன்கூட்டி அறிந்திருப்பதுதான்.

தொழுகை பற்றியும் அவர்களுக்கு ஒரு கலக்கம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஐம்பது கிலோமீட்டரை எட்டாது. கஸருக்குரிய எண்பது கிலோமீட்டர் அளவு அதில் இல்லை. ஆகவே அங்கே நான்கு ரக்அத் நான்காகவே தொழப்படும். ஆனால் அமர்ந்து தொழும் அனுமதிக்குத் தொலைவு கணக்கில்லை, உடம்புதான் கணக்கு. நாற்காலியில் அமர்ந்தபடியே, கிப்லா நோக்கித் திருப்பி அமர்த்தினால் போதும். திருப்பி அமர்த்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

அந்த ‘ஒருவர்’ யார்?

பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே: மருமகள். மகன் பிள்ளைகளோடு அருவிக்குச் செல்வார். மகள் தன் தோழியரோடு படகேறுவாள். மருமகள் மாமியாரோடு வேனில் இருப்பாள். திரும்பி வந்து, தாயை விட்டுப் பிரியாத குடும்பம் என்று மகன் பெயரெடுப்பார். மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மருமகள் மீது ஃபிக்ஹு நூல்கள் கடமையாக்கவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய நற்குணம், நன்றிக்குரியது. கடமை பெற்ற பிள்ளைகளுடையது. எனவே முறை வைத்துக்கொள்வதே நீதி. மகன் அரைமணி, மகள் அரைமணி, வளர்ந்த பேரன் அரைமணி. பேரனுக்கு இது தண்டனையாகத் தோன்றினால், அவனுக்கு அருவியைவிட அந்த அரைமணிதான் அதிகம் தேவைப்படுகிறது என்று பொருள்.

சுமப்போரின் உள்ளத்துக்கும் ஒரு நோய் வரும். யமன் நாட்டவர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்தவாறு தவாஃப் செய்துவிட்டு, கைம்மாறு செய்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டாராம். இல்லை, அவள் பேறுகாலத்தில் விட்ட ஒரு பெருமூச்சுக்கும் ஈடாகாது என்பது அவர்கள் தந்த விடையின் சாரம். இமாம் புகாரி அவர்களின் ‘அல் அதபுல் முஃப்ரத்’ என்னும் நூலில் இது பதிவாகியுள்ளது. அந்த யமனியர் கணக்கைத் தீர்க்க நினைத்தார். அவரிடம் வேறு மாசில்லை. இன்று தாயைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே எதிரே ஒருவன் கைப்பேசியில் படம் எடுக்கிறான். மாலைக்குள் ஊரெல்லாம் அது பரவுகிறது. முக்காடு விலகி, கால்கள் தொங்க, மகன் கையில் குழந்தைபோல் கிடக்கும் தன் உருவத்தை உலகம் பார்ப்பதில் அந்தத் தாய்க்குச் சம்மதமா என்று கேட்டவர் எத்தனை பேர்? ரியா என்னும் நோய்க்கு நம் முன்னோர் எழுதிய மருந்துகளெல்லாம் இந்தக் கருவி வருவதற்கு முன் எழுதப்பட்டவை. நோய் அதேதான், பரவும் வேகம் மட்டும் கூடிவிட்டது.

இனி ஒரு தத்துவ வாதத்தைச் சந்திக்க வேண்டும். காண்பது கண்ணா, உள்ளமா? பூமியில் பயணித்துப் பாருங்கள் என்று பணிக்கும் திருமறை, ‘ஹஜ்’ அத்தியாயத்தில், உண்மையில் குருடாவது கண்களல்ல, நெஞ்சிலுள்ள உள்ளங்களே என்று பொருள்படக் கூறுகிறது. ஆகவே ஓடிச்சென்று அருவியடியில் நின்றவன் காணாததை, மரநிழலில் அமர்ந்தவர் கண்டிருக்கக்கூடும். கரியாலூர் ஏரிக்கரையில் நாற்காலியிட்டு இரண்டு நாழிகை அமர்த்தப்பட்ட ஒரு மூதாட்டி, எங்கிருந்து காற்று திரும்புகிறது, எந்தப் பறவை எத்தனை முறை மூழ்கி எழுகிறது, கரையில் விறகு சுமந்து போன மலைப்பெண் திரும்பி வந்தாளா என்பதெல்லாம் சொல்வார். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் படகுக் கட்டணத்தைச் சொல்வார்கள்.

இது மெய்யே. ஆனால் இம்மெய்யைச் சொல்லும் உரிமை அந்த மூதாட்டிக்கு மட்டுமே உண்டு. அவரை வேனில் அடைத்துவிட்டுப் போகிறவன், நன்னிக்கு உள்ளத்தின் கண் திறந்திருக்கிறது என்று ஞானம் பேசுவானாகில், அந்த ஞானம் கதவைச் சாத்தவே பயன்படுகிறது. சூஃபியாக்களின் உயர்ந்த சொற்களை நம் சோம்பலுக்குத் திரையாக்கும் இவ்வழக்கம் நம்மிடையே வேறு பல இடங்களிலும் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

குடும்பம் எவ்வளவு முயன்றாலும், ஊர் செய்ய வேண்டியதை ஊர்தான் செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடங்கள் அவர்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. சென்னை மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை மணற்பரப்பு மிக அகலம். அந்த நகரத்திலேயே பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்து, கடல்நீரில் ஒருமுறையேனும் கால் நனைக்காதவர்கள் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2022 நவம்பர் 27ஆம் நாள் அங்கே நிரந்தர மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. இரு வாரம் கழியுமுன் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தெறிந்தது. சிலர் நகைத்தனர்: கடலோரத்தில் மரம் போட்டால் நிற்குமா என்று. மாநகராட்சி செப்பனிட்டு மீண்டும் திறந்தது. 1881இல் புயல் சென்னைத் துறைமுகச் சுவரையே உடைத்தபோது, கப்பல்களுக்குச் சுவர் எதற்கு என்று எவரும் கைவிட்டுவிடவில்லை, மீண்டும் கட்டினார்கள். மரப்பாதைக்கும் அதே நியாயந்தான்.

கல்வராயன் மலைக்கு இவ்வளவு பெரிய செலவு தேவையில்லை. அருவியோரம் கைப்பிடிக் கம்பி, இடையிடையே முதுகு சாயும் இருக்கை, வண்டி நிற்குமிடத்திலிருந்து படியில்லாத ஒரு பாதை, பூட்டிக்கிடக்காத ஒரு கழிப்பறை. சிலர் செய்தால் எல்லோரின் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிடில் எல்லோரும் குற்றவாளியாகும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஜனாஸாத் தொழுகையைத் தவிர வேறு எடுத்துக்காட்டே நம் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு கைப்பிடிக் கம்பியையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அது மலைமேல் வாழும் முதியோருக்கும் பயன்படும். அவர்களும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

இத்தனைக்குப் பின்னும் மேகம் அருவி மிஞ்சுகிறது. அங்கே கம்பியும் போதாது, நாற்காலியும் செல்லாது. நன்னி வர இயலாதென்றால் பிள்ளைகளும் போகலாகாதா என்று கேட்கிறார்கள். போகலாம். இளம் கால்களுக்குரிய உரிமையையும் பறிப்பதற்கில்லை. இரு பிரிவாகப் பிரிந்து, ஒரு பிரிவு நன்னியோடு பெரியார் அருவியில் தங்க, மற்றது சென்று மீளட்டும், பின்பு மாறிக்கொள்ளட்டும். நேரம் போதாதென்றால் இம்முறை ஒன்றைக் கைவிடட்டும். கப்பலிலும் இவ்வாறே. திருகோணமலையில் கப்பல் நிற்பது சில மணிநேரந்தான். கோட்டை, கடற்கரை, சந்தை என்று ஐந்து இடங்களுக்குப் பேருந்தில் ஏறி இறங்கி ஓடுவதற்குப் பதில், தாழ்வான ஒரு காரில் முதியவரை அமர்த்தி, கடலோரச் சாலையில் ஒரே ஓரிடத்துக்குச் சென்று தேநீர் அருந்திவிட்டு வரலாம். ஐந்து இடம் பார்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது என்பது ஒன்றே அதிலுள்ள நட்டம்.

எல்லா ஏற்பாடும் செய்து, முறையாக அழைத்து, மீண்டும் ஒருமுறை கேட்டு, அப்போதும் சிரித்துக்கொண்டே தலையசைத்து மறுக்கும் முதியோரும் உண்டு. அவர்களுக்கு முற்றத்து வெயிலும் தஸ்பீஹும் மதியத் தூக்கமும் போதும். அத்தகைய மூதாட்டி, வரும்போது மலைக்கடுக்காய் அரைப்படி வாங்கி வாருங்கள், பூச்சி அரித்ததாக இருக்கக்கூடாது, குலுக்கிப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லியனுப்பினால், அருவிக்குப் போகுமுன்பே வெள்ளிமலையில் வண்டியை நிறுத்தி அதை வாங்கிவிட வேண்டும். திரும்பும்போது கடை அடைத்துவிடுவார்கள்.